இரண்டாம் சனிக்கிழமைக் காபி

போன மாதம் என் பேத்தியோடு அவளுடைய சிநேகிதி ஒருத்தி எங்கள் மந்தைவெளி வீட்டுக்கு வந்திருந்தாள். மருத்துவ உளவியல் படித்து முடித்து, அடையாறில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, மனநல ஆலோசனை தரத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறதாம். அடை வார்த்துப் போட்டேன். ஒன்றைப் பிட்டு வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, என் பேத்தி எழுந்து போன சமயம் பார்த்துக் கேட்டாள்.

"பாட்டி, நீங்களும் இதே வேலைதானே பாத்தீங்க? ரொம்பக் கஷ்டமான கேஸ் ஒண்ணு வந்துட்டா, அன்னிக்கு சாயங்காலம் யார்கிட்ட போய்ச் சொல்வீங்க?"

"ஏம்மா, உனக்குச் சொல்ல ஆள் இல்லையா?"

"ஃபோன்ல இருபது குரூப்ல இருக்கேன் பாட்டி. ஒண்ணுலயும் இதைச் சொல்ல முடியாது."

அவளுக்கு அன்று நான் சொன்னது கொஞ்சம். அவள் போன பிறகு நினைவுக்கு வந்தது நிறைய. வழக்கமாகக் கபாலி கோயில், மூடிப்போன சினிமாக் கொட்டகை, ட்ராம் வண்டி என்று எழுதுகிறவள் நான். இந்தத் தடவை முப்பத்து நாலு வருஷம் நான் பார்த்த தொழிலைப் பற்றி எழுதுகிறேன். பிறர் மனசைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள், இந்த ஊரில் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம்.

முதலில் பழைய கதை. சென்னையில் மனநோய்க்கென்று ஓர் இடம் ஏற்பட்டது 1794ல். கம்பெனி மருத்துவர் வாலண்டைன் கோனலி என்பவர் தொடங்கியது. பிறகு 1871ல் அது கீழ்ப்பாக்கம் லோகாக் தோட்டத்துக்கு வந்தது. நம் வயதுக்காரர்களுக்குக் 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லே ஒரு கேலி. பள்ளிக்கூடத்தில் யாராவது கொஞ்சம் வித்தியாசமாகப் பேசினால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்போம். சினிமாவில் அதைச் சொன்னால் கொட்டகையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு நோயாளியோடு நிற்கவில்லை. அங்கே வேலை பார்த்த டாக்டர், நர்ஸ், வார்டர் எல்லோர் மேலும் விழுந்தது. பெண் பார்க்க வருகிற இடத்தில் அண்ணன் அங்கே வேலை செய்கிறான் என்று சொல்லத் தயங்கிய குடும்பங்களை நான் அறிவேன். உத்தியோகத்தையே மறைக்கிற ஆள், உத்தியோகத்தில் பட்ட வேதனையை யாரிடம் சொல்வான்?

தனிமை இங்கு மட்டும் இருந்ததில்லை. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்று ஒரு டாக்டர். உளப்பகுப்பாய்வில் ஈடுபாடு வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேச நாட்டில் துணை இல்லை. 1920களின் தொடக்கத்தில் வியன்னாவில் இருந்த ஃப்ராய்டுக்கே கடிதம் எழுதினார். பல வருஷம் அந்தக் கடிதப் போக்குவரத்து நடந்தது. கருத்து வேறுபாடுகளையும் மரியாதையோடு எழுதிக்கொண்டார்கள். கடைசிவரை இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை. தபாலோடு நின்றுவிடாமல் 1922ல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தையும் போஸ் தொடங்கினார். கப்பல் தபாலில் பதில் வர எத்தனை வாரம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாரங்களில் எத்தனை நோயாளிகளைத் தனியாகப் பார்த்திருப்பார்!

நம் ஊருக்கு வருவோம். 1952ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னை சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். எழும்பூர் காஸா மேஜர் ரோடில் இருக்கிறது. நான் படித்தது அங்கேதான். 1974ல் வெளியே வந்தேன். "சோஷியல் ஒர்க்னா என்ன, ஏழைகளுக்குத் துணி கொடுக்கறதா?" என்று மாமியார் கேட்டார். மனநோயாளியின் வீட்டுக்குப் போய் அவர்கள் குடும்பத்தோடு பேசுகிற வேலை என்றேன். "அதுக்கு எதுக்கு எம்.ஏ.?" என்றார்.

அப்போது எங்களுக்கெல்லாம் ஒரு பெயர் பெரிய பலம். டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961ல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்று, 1978ல் ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தார். பூட்டி வைக்கிற இடமாக மட்டும் இருந்ததில் புறநோயாளிப் பிரிவு நடந்தது. தொண்டு அமைப்புகளை உள்ளே அழைத்துவந்தார். மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஏற்பட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதே, என்னைப் போன்றவர்கள் வீட்டில் வாதாடுவதற்கு உதவியது.

ஆனால் அன்றாட வேலையில் நாங்கள் தனிதான். நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். ஒரே ஒரு சமூகப் பணியாளர், அது நான். சோதனைத் தாள், வினாப்பட்டியல் எல்லாம் இங்கிலீஷில். புதுப் புத்தகம் வேண்டுமானால் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகம், அமெரிக்க நூலகம். அதிர்ஷ்டம் இருந்தால் மூர் மார்க்கெட்டிலோ லஸ் நடைபாதையிலோ பழைய பிரதி கிடைக்கும். கார்ல் ரோஜர்ஸ் எழுதிய ஒரு புத்தகத்தை லஸ்ஸில் நாலு ரூபாய்க்கு வாங்கினேன். அட்டை இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்தி 1980ல் வெளியிட்ட டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பு யாரோ ஒருவரிடம் இருக்கிறது என்று தெரிந்து, அதன் ஜெராக்ஸுக்கு மூன்று மாதம் காத்திருந்தேன்.

இனி வருவதைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். 1983, ஆடி மாதம். இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்துகொண்டிருந்தான். ஒரு வியாழக்கிழமை நன்றாகப் பேசினான். "அடுத்த வாரம் வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான். திங்கட்கிழமை அவன் அப்பா வந்தார். பையன் தன் உயிரைப் போக்கிக்கொண்டான் என்று சொன்னார். என்னைத் திட்டவில்லை. அவன் என்னிடம் இரவல் வாங்கிப்போன பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் மேலதிகாரியிடம் சொன்னேன். "இதையெல்லாம் மனசுல ஏத்திக்காதீங்க. வெளியில ஆறு பேர் காத்திட்டிருக்காங்க" என்றார். ஆறு பேரையும் பார்த்தேன். மாலை 29சி பஸ் பிடித்து மயிலாப்பூரில் இறங்கியவள், வீட்டுக்குப் போகாமல் தெப்பக்குளப் படியில் உட்கார்ந்தேன். குளத்தில் தண்ணீர் இல்லை. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை நான் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். எதைக் கேட்காமல் விட்டேன்? என் கணவர் நல்லவர். ஆனால் நோயாளி சொன்னதை வீட்டில் சொல்லக்கூடாது. அவரும் கேட்க மாட்டார். இரண்டு மாதம் சரியாகத் தூக்கம் இல்லை. வேலையை விட்டுவிடலாம் என்று ராஜினாமாக் கடிதம்கூட எழுதி வைத்தேன்.

அந்தக் கடிதத்தைக் கொடுக்காமல் போனதற்குக் காரணம், என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண்மணி. வேறோர் இடத்தில் இதே வேலை. ஒரு கருத்தரங்கில் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்றவர் என் முகத்தைப் பார்த்து, "யாரையாவது இழந்துட்டியாம்மா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். "நம்ம தொழில்ல எல்லாருக்கும் ஒருத்தர் உண்டு. எனக்கு ரெண்டு பேர். வர்ற சனிக்கிழமை வீட்டுக்கு வா" என்றார்.

லஸ்ஸுக்குப் பக்கத்தில் அவர் வீடு. முதல் நாள் மூன்று பேர். பிறகு ஐந்து, ஏழு என்று ஆனோம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. மூன்று விதிகள் மட்டும். நோயாளியின் பெயரோ அடையாளமோ சொல்லக்கூடாது. பேசுகிறவர் கேட்டால் ஒழிய யாரும் புத்தி சொல்லக்கூடாது. அங்கே பேசியது வாசற்படியைத் தாண்டக்கூடாது. முதலில் காபி, அப்புறம் பேச்சு. அந்தப் பையனைப் பற்றி நான் முழுதாகச் சொல்லி முடிக்க நாலு சனிக்கிழமை ஆயிற்று. "நீ என்ன தப்புப் பண்ணினே" என்று யாரும் கேட்கவில்லை. "ஒண்ணுமே தப்பில்லை" என்று சமாதானமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை நான் கவனிக்காமல் விட்ட ஓர் அறிகுறியை நானே கண்டுபிடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அறிகுறியைப் பிறகு நான் எந்த நோயாளியிடமும் தவறவிட்டதில்லை.

நாங்கள் செய்ததற்கு மேல்நாட்டில் முறையான பெயரே உண்டு என்று பின்னால்தான் தெரிந்தது. ஹங்கேரியில் பிறந்த மைக்கேல் பாலிண்ட் என்ற டாக்டர், லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தில் 1950களில் சாதாரணக் குடும்ப டாக்டர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, தங்களைத் தூங்கவிடாமல் செய்யும் நோயாளியைப் பற்றிப் பேசச் சொன்னார். 'பாலிண்ட் குழு' என்று அதற்குப் பெயர். 1957ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். எங்களுக்குப் பாலிண்டும் தெரியாது, டாவிஸ்டாக்கும் தெரியாது. டிகாக்‌ஷன்தான் தெரியும்!

தனியாகச் சமாளிக்க முடியாது என்று தெரிந்தவர்கள் ஊரில் நாங்கள் மட்டும் இல்லை. 1980களில் சென்னையில் இந்தத் துறையில் ஏற்பட்ட அமைப்புகளைப் பாருங்கள்.

1980ல் அடையாறு பக்கம் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை. இந்திரா நகரில் இருப்பதை நாமெல்லாம் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்போம். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்து தொடங்கியது. குடியை ஒழுக்கக் கேடு என்று ஊர் பேசிக்கொண்டிருந்தபோது அதை நோய் என்று சொன்னார். நோயாளிக்குச் சிகிச்சை, மனைவிக்குத் தனியாக ஆலோசனை என்று ஏற்பாடு செய்தார். அதோடு விடாமல் மற்ற ஊர்களிலிருந்து வரும் ஆலோசகர்களுக்குப் பயிற்சியும், அவர்கள் கையில் வைத்துக்கொள்ளக் கையேடுகளும் தந்தார்கள். இங்கிலீஷ் புத்தகத்தை மட்டும் நம்பி இருந்த எங்களுக்கு நம் குடும்பங்களை அறிந்து எழுதிய பாடம் என்பது பெரிய விஷயம்.

1984ல் ஸ்கார்ஃப். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆன சாரதா மேனன், மனச்சிதைவு நோய்க்கென்றே தொடங்கிய அமைப்பு. அதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. சென்னையில் 1980களின் தொடக்கத்தில் முதல் முறையாக நோய் கண்ட 90 பேரைத் தேர்ந்தெடுத்து, இருபது வருஷத்துக்கு மேல் விடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். 'மெட்ராஸ் நீள்கால ஆய்வு' என்று உலகம் முழுவதும் தெரியும். மனச்சிதைவு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணத்தை அந்த ஆய்வு மாற்றியது. வேலைக்குப் போனவர்கள், குடும்பம் நடத்தியவர்கள் அதில் உண்டு. சோர்ந்துபோன பணியாளருக்கு இதைவிட நல்ல மருந்து ஏது? நோயாளிகளின் குடும்பத்தார் கூடி அமைத்த ஆஷாவுக்கும் சாரதா மேனன் துணையாக இருந்தார். 2021 டிசம்பரில் தம் 98வது வயதில் காலமானார்.

1986ல் ஸ்நேகா. டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது. இப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில், எங்கள் வீட்டிலிருந்து நடை தூரத்தில் இருக்கிறது. இதற்கு முன்னோடி, லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953ல் தொடங்கிய சமாரிட்டன்ஸ். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தொலைபேசியில் கேட்டு முடித்த தொண்டர், வீட்டுக்குப் போகுமுன் அன்று கேட்டதை ஒரு மூத்தவரிடம் இறக்கி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்குத் தெப்பக்குளப் படி ஞாபகம் வந்தது. நான் பாரத்தை இறக்காமல் பஸ் ஏறியவள்.

ஸ்நேகா தொடங்கிய காலத்தில் தற்கொலைக்கு முயல்வதே குற்றம். பழைய 309வது பிரிவு. பிழைத்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே போலீஸ் வரும். அதனால் குடும்பம் மறைக்கும், சில இடங்களில் டாக்டரும் 'விபத்து' என்று எழுதுவார். 1994ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. 1996ல் செல்லும் என்று மாற்றிச் சொன்னது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்து, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படவேண்டும், தண்டிக்கக்கூடாது என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

1993ல் பேன்யன். வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம் பெண்கள், தெருவில் ஆதரவின்றித் திரிந்த ஒரு பெண்மணிக்கு இடம் தேடி எங்கும் கிடைக்காமல், தாங்களே ஆரம்பித்த இல்லம். அவர்கள் இருவராகச் சேர்ந்து ஆரம்பித்தார்கள் என்பதை நான் எப்போதும் சொல்வேன். பின்னால் இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு கல்வி நிலையமும் நடத்துகிறார்கள்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. ஒரு நீளப் பேரேட்டு நோட்டில், வருகிறவர்கள் தங்கள் கஷ்டத்துக்குச் சொல்லும் தமிழ் வார்த்தைகளை எழுதி வந்தோம். 'மனச்சோர்வு' என்று நாங்கள் கேட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. "எதுலயும் பிடிப்பு இல்லைம்மா." "மனசு விட்டுப் போச்சு." "வயித்துலேர்ந்து ஒரு பயம் கிளம்புது." "தலைக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு." தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடைப் பெண், பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை. கால் வலி என்று ஆறு டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். "ராத்திரி படுத்தா நாளைக்கு விடிய வேண்டாம்னு தோணுது" என்ற வார்த்தை ஏழாவது நாள்தான் வந்தது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இந்த வார்த்தைகள் எல்லாம் அந்த நோட்டில் உண்டு.

மறக்க முடியாத இரண்டு சனிக்கிழமைகள். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அந்த வாரமே 11ஆம் தேதி எங்கள் கூட்டம். ஏழு பேர் வந்தோம். ஒருவரும் காபியைத் தொடவில்லை. மூத்த அம்மாள் மட்டும், "இவ்வளவு வருஷம் நாம் என்ன பண்ணினோம்?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று 2005 ஜனவரி 8. சுனாமி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் எங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரம். குழந்தையை அலையில் விட்ட தாய்மாரிடம் பேசப் போய்க்கொண்டிருந்தோம். என்ன பேசுவது? பாதி நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான். அன்று எங்கள் கூட்டத்தில் மிக இளையவள், இருபத்தாறு வயது, வந்ததும் வராததுமாக அழ ஆரம்பித்தாள். இரண்டு மணி நேரம் அவளுக்கு மட்டுமே கொடுத்தோம். திங்கட்கிழமை காலை அவள் மறுபடி குப்பத்துக்குப் போனாள். இன்று அவள் பத்துப் பேருக்கு மேல் பயிற்சி கொடுக்கிறாள்.

2009ல் நான் ஓய்வு பெற்றேன். மூத்த அம்மாள் போய்விட்டார். ஒவ்வொருவராகப் பிள்ளைகளோடு வெளியூர், வெளிநாடு என்று சிதறிப்போனோம். கூட்டம் தானாக நின்றது.

இனி அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது. இந்தத் தொழிலுக்கு வரும் பேரன் பேத்திகள் உங்கள் வீட்டிலும் இருந்தால் சொல்லுங்கள். மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்கவேண்டும், அந்தச் சட்டம் 1992ல் வந்தது. பதிவு இருப்பது வருகிறவர்களுக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு. மனநல மருத்துவர்களுக்கு 1947லிருந்து சங்கம் இருக்கிறது, மருத்துவ உளவியலாளர்களுக்கு 1968லிருந்து. உறுப்பினராகி மாநாட்டுக்குப் போனால் சாப்பாட்டு வரிசையிலாவது ஒரு துணை கிடைக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. நான் மேலே சொன்ன அமைப்புகளில் சில பயிற்சி நடத்துகின்றன, விசாரித்துப் போகலாம். அப்புறம் 'சூப்பர்விஷன்'. ஆபீஸில் அந்த வார்த்தைக்கு அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைப் பார்ப்பது என்று அர்த்தம். எங்கள் தொழிலில், மூத்தவர் ஒருவர் முன் நம் கேஸை விரித்து வைத்து, "இதில் நான் எங்கே நிற்கிறேன்?" என்று கேட்பது. காசு கொடுத்தாவது அதை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த மாடி அறை வாடகையைப் போல அதுவும் தொழிலுக்கான செலவு.

இதெல்லாம் சொன்ன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. தன் கேஸைச் சொல்லத் தொடங்கினாள். பெயர் இல்லாமல்தான். நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. அடை ஆறிப்போயிற்று. சுடச்சுட இன்னொன்று வார்த்துக் கொடுத்தேன், சாப்பிட்டாள்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "பாட்டி, என்னை மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள். அந்தப் பேரேட்டு நோட்டைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறேன். வருகிற இரண்டாம் சனிக்கிழமை நாலு மணி என்று சொல்லியிருக்கிறேன்.

படிக்கிறவர்களில் யாருக்காவது மனசு தாளாமல் இருந்தால், தனியாகப் படியில் உட்கார வேண்டாம். ஸ்நேகா 044-24640050. அரசின் டெலி மானஸ் 14416, இது எந்த நேரமும் உண்டு. எதிர்முனையில் எடுப்பவரும் நம்மைப் போல மனுஷர்தான், பதற்றமில்லாமல் பேசுங்கள்.